பழைய பைக்: கேட்கிற விலைக்குத் தகுமா என்று கண்டுபிடிப்பது எப்படி?

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "வண்டி நல்லா இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு விற்பவர் "சூப்பரா இருக்கு" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வண்டி என் கைக்கு வந்து, நம்பி எடுத்துக்கொண்டு போகிற நிலைக்கு வரும்போது மொத்தமாக எவ்வளவு செலவாகியிருக்கும்? அந்தத் தொகை அதே மாடலில், அதே வயதில், நன்றாகப் பராமரித்த ஒரு வண்டியின் விலையைவிடக் குறைவா, கூடுதலா? விற்பவர் சொல்லும் விலை இந்தக் கணக்கில் ஒரு பகுதி மட்டும்தான். மீதியை நீங்கள்தான் வண்டியைப் பார்த்து, தொட்டு, ஓட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழியை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசையிலேயே செய்யுங்கள், ஏனென்றால் முதல் இரண்டு படிகளில் பாதி வண்டிகள் கழிந்துவிடும். நேரமும் பெட்ரோலும் மிச்சம்.

படி 1: வண்டியைப் பார்க்கும் முன் விலையைப் பாருங்கள்

ஒரு வண்டியைப் பார்த்து மனசு போய்விட்டால் அப்புறம் விலையை நிதானமாக யோசிக்க முடியாது. அதனால் இந்த வேலையை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிட வேண்டும்.

அதே மாடல், ஓரிரு வருடம் முன்பின், இதுபோன்ற விளம்பரங்களைப் பத்துப் பதினைந்தாவது சேர்த்து எழுதி வையுங்கள்: வருடம், ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், கேட்கும் விலை. இரண்டு மூன்று வாரம் அவற்றைக் கவனியுங்கள். சில விளம்பரம் சட்டென்று மறைந்துவிடும். சில விளம்பரம் அப்படியே கிடக்கும், நடுவில் விலை குறையும். சட்டென்று மறைந்தவை சந்தை ஒத்துக்கொண்ட விலைக்கு அருகில் இருந்திருக்கின்றன. கிடப்பவை விற்பவரின் ஆசை. எல்லாமே கேட்கும் விலைகள்தான் என்பதையும் மறக்கக் கூடாது, கைமாறும் விலை அதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கும். இப்படிச் செய்தால் "நல்ல நிலையில் உள்ள வண்டி இந்த அளவுக்குப் போகிறது" என்று ஓர் எண் கிடைக்கும். அதை அடிப்படை விலை என்று வைத்துக்கொள்வோம், கடைசியில் இதற்குத்தான் திரும்பி வரப் போகிறோம்.

மேல் எல்லையையும் பார்த்துவிடுங்கள். அதே வண்டி இன்னும் புதிதாகக் கிடைக்கிறது என்றால், புதிது வாங்க எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? பைக்கின் மதிப்பு முதல் வருடத்தில்தான் வேகமாக இறங்கும், பிறகு மெதுவாக. ஆனால் வாங்கி ஒரு வருடமே ஆன வண்டியை விற்பவர்கள் பலர் அந்த முதல் இறக்கத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தாங்கள் கொடுத்த தொகையிலிருந்து கொஞ்சம் மட்டும் கழித்துக் கேட்பார்கள். புதிதுக்கும் அதற்கும் வித்தியாசம் சொற்பம் என்றால், முழு வாரண்டியோடு புதிதையே எடுப்பது மேல்.

உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதையும் இப்போதே விசாரியுங்கள். உற்பத்தி நின்றுபோன மாடல் அடிமட்ட விலைக்கு வந்தால் அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு பிரேக் டிஸ்க், ஒரு இண்டிகேட்டர், ஒரு கிளட்ச் பிளேட் செட், முன் டயர், பின் டயர், செயின் ஸ்பிராக்கெட் (பற்சக்கரம்) செட், பேட்டரி ஆகியவற்றின் விலையைக் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டி முன்னால் நிற்கும்போது இந்தத் தாள்தான் உங்களுக்குப் பலம்.

அந்த மாடலின் சர்வீஸ் அட்டவணையும் வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரு பெரிய சர்வீஸ் உண்டு: வால்வு கிளியரன்ஸ் (இன்ஜின் வால்வுகளின் நுண்ணிய இடைவெளி) பார்ப்பது, சில இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றுவது. ஒரு மாடலில் அது சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும், இன்னொன்றில் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. டுகாட்டியின் பெல்ட் வைத்த இன்ஜின்களில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருடத்துக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். பலர் அந்தச் செலவு வருவதற்குச் சற்று முன்புதான் வண்டியை விற்கிறார்கள். விளம்பரத்தில் உள்ள கிலோமீட்டர் பெரிய சர்வீஸுக்கு மிக அருகில் இருந்தால், அந்தச் செலவை உங்கள் கணக்கில் ஏற்றிவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும்.

படி 2: போனில் பேசுங்கள்

விலை பேச வேண்டாம். வண்டியைப் பார்க்காமல் பேரம் பேசினால் விற்பவருக்கும் எரிச்சல், நமக்கும் பிடிமானம் இருக்காது. கேட்க வேண்டியவை: பதிவுச் சான்று உங்கள் பெயரில் இருக்கிறதா, கடன் ஏதும் பாக்கியா, கீழே விழுந்திருக்கிறதா, கடைசி சர்வீஸ் எப்போது, பில் இருக்கிறதா, எதற்காக விற்கிறீர்கள், ஓட்டிப் பார்க்க விடுவீர்களா. இவ்வளவுதான். பதிலை எழுதிக்கொள்ளுங்கள். நேரில் போகும்போது இதே கேள்விகளில் இரண்டு மூன்றைத் திரும்பக் கேளுங்கள், பதில் மாறினால் அது ஒரு தகவல்.

இன்னொன்று மிக முக்கியம்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். ஈர வண்டியில் கீறலும் தெரியாது, ஆயில் கசிவும் தெரியாது.

படி 3: முதலில் பேப்பர், பிறகு வண்டி

பதிவுச் சான்றில் உள்ள பெயரும் எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "நண்பனுடைய வண்டி, அவன் வெளியூரில் இருக்கான்" என்றால் அந்த நண்பரோடு பேசி, அவர் கையெழுத்துப் போட வரும்வரை ஒரு பைசா கொடுக்கக் கூடாது.

சேஸிஸ் எண், அதாவது வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண், பொதுவாக ஹேண்டில் தலைப்பகுதியில், ஃபிரேமின் கழுத்தில் அடித்திருக்கும். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் தெரியும். கைத்துணியால் துடைத்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாக வாசித்துச் சான்றோடு ஒப்பிடுங்கள். இன்றைய 17 இலக்கச் சேஸிஸ் எண்ணில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் வராது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால் அவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, அந்த இடம் மட்டும் ராவினது போலவோ புதுப் பெயின்ட் அடித்தது போலவோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இன்ஜின் எண்ணையும் அதே போல. இதில் ஏதாவது பொருந்தவில்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். இந்த இடத்தில் மட்டும் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது.

கடன் நிலுவை, கட்டாத வரி, அபராதம், காப்பீட்டு நிறுவனம் முழுச் சேதம் என்று கழித்த வண்டியா என்பது, இவற்றை அவரவர் நாட்டுப் பதிவு அலுவலக முறைப்படி சரிபார்த்துவிடுங்கள். பல இடங்களில் பாக்கி வண்டியோடு சேர்ந்தே வரும். தயாரிப்பாளர் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்த மாடலா என்பதைச் சேஸிஸ் எண்ணை வைத்து அந்நிறுவனத்திடமே கேட்கலாம், அந்த வேலை பெரும்பாலும் இலவசம்.

படி 4: இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், ஆனால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்

போனதும் இன்ஜின் கேஸில் கையை வையுங்கள், சூடு இருக்கலாம் என்பதால் பார்த்து. சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் பல நோய்களைக் காட்டிவிடும், சூடான இன்ஜின் அவற்றை மறைத்துவிடும். அப்போது காத்திருங்கள், அல்லது இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

குளிர்ந்திருக்கும்போது ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது பெரிய குற்றமில்லை, ஓடிய ஆயில் அப்படித்தான் இருக்கும். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; கூலன்ட் திரவத்தால் குளிரும் லிக்விட் கூல்டு வண்டியில் அது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியை அடைக்கும் தகடு) போன தடயமாக இருக்கலாம். கூலன்ட் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். உள்ளே துருநிறமோ எண்ணெய்ப் படலமோ இருக்கக் கூடாது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்சுவரில் துரு இருந்தால் அது டேங்கோடு நிற்காது, பம்ப், இன்ஜெக்டர், கார்புரேட்டர் வரைக்கும் போயிருக்கும்.

படி 5: வண்டி விழுந்த கதையை வண்டியே சொல்லும்

இந்தப் படியில்தான் கூடுதல் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் இன்ஜினைச் சரிசெய்துவிடலாம், வளைந்த ஃபிரேமைச் சரிசெய்தேன் என்று யார் சொன்னாலும் நம்புவது கடினம்.

ஹேண்டில்பார் முனை, லிவர் நுனி, கண்ணாடியின் விளிம்பு, ஃபுட்ரெஸ்ட் முனை, இன்ஜின் பக்க மூடி, சைலன்சரின் வெளிப்பக்கம். வண்டி சாய்ந்தால் தரையில் முதலில் படும் இடங்கள் இவை. கீறல் இருப்பதைவிட அது எந்த மாதிரிக் கீறல் என்பதுதான் பேசும். ஸ்டாண்டு சரியாகப் போடாமல் நின்ற இடத்தில் சாய்ந்த வண்டியில் ஒரு சிராய்ப்பு, ஒரு பள்ளம், அவ்வளவுதான் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்து சறுக்கிய வண்டியில் முன்னிருந்து பின்னாக நீளமான இணைக்கோடுகள் இருக்கும், லிவர் நுனி தேய்ந்து தட்டையாகியிருக்கும், ஃபுட்ரெஸ்டின் உலோகம் ஒரு பக்கம் அரைபட்டிருக்கும். ஒரு பக்கத்துக் கண்ணாடி, இண்டிகேட்டர், லிவர் மூன்றும் பளபளவென்று புதிதாகவும் மறுபக்கத்தில் உள்ளவை வெயிலில் வெளுத்தும் இருந்தால், மாற்றியது யார், எதற்கு என்று நேராகக் கேளுங்கள்.

அடுத்து பலரும் பார்க்காத ஓர் இடம். ஹேண்டிலைக் கடைசி வரை திருப்பினால் ஒரு இடத்தில் முட்டி நிற்கும் அல்லவா, அந்த முட்டுக்கட்டைக்கு ஸ்டீயரிங் ஸ்டாப்பர் என்று பெயர். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த் தட்டுக்கும் ஃபிரேமின் கழுத்துக்கும் நடுவில் சின்னத் துருத்தலாக இருக்கும். வண்டி வேகத்தில் விழும்போது ஹேண்டில் பலமாக ஒரு பக்கம் அடிபட்டுத் திரும்பும், அந்த அடி முழுக்க இந்தத் துருத்தலில்தான் இறங்கும். அது நசுங்கியிருந்தாலோ, ஒரு பக்கம் வெடித்திருந்தாலோ, வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தாலோ, மேலே எவ்வளவு புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் வண்டி நன்றாக அடிபட்டிருக்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள வெல்டிங் மூட்டுகளில் பெயின்ட் மயிரிழை போல வெடித்தோ சுருங்கியோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் சில அடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, பின் டயருக்கு மேலாக முன் டயரைப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கோணலாகத் தெரிந்தால் முதலில் செயின் அட்ஜஸ்டர் குறிகள் இரண்டு பக்கமும் சமமா என்று பாருங்கள். பின் சக்கரத்தை ஒரு பக்கம் இழுத்து வைத்திருப்பதாலும் கோணல் வரும், அது இலவசமாகச் சரியாகும். குறி சமமாக இருந்தும் கோணல் என்றால் கிளம்பிவிடலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் கழுவிப் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வரும். சீட்டைத் தூக்கி வயர் இணைப்பான்களுக்குள் பச்சைப் பூஞ்சை மாதிரி அரிப்பு இருக்கிறதா, எட்டாத மூலைகளில் நுண்ணிய வண்டல் படிந்திருக்கிறதா, மீட்டர் கண்ணாடிக்குள் ஈரம் நின்ற வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். மின் கோளாறு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும்.

படி 6: தேயும் பாகங்கள், அதாவது உங்கள் செலவுப் பட்டியல்

இங்கே தாளையும் பேனாவையும் எடுங்கள். பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் செலவை எழுதப் போகிறோம்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு ஒரு குறியீடு இருக்கும், அதன் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த நாள். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். ட்ரெட் ஆழமாக இருந்தாலும் ரப்பர் பழசானால் இறுகிப்போகும், ஈரச் சாலையில் பிடிக்காது. ஐந்து வருடம் தாண்டியது என்றால் நான் மாற்றும் செலவைக் கணக்கில் எழுதிவிடுவேன், பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் வயதைப் பார்க்கவே வேண்டாம். நடுவில் மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தால் நேர்சாலையில் அதிகம் ஓடிய வண்டி.

செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறத்தில், நடுவில் பிடித்து வெளியே இழுங்கள். பல்லை விட்டுக் கணிசமாக எழும்பி இடைவெளி தெரிந்தால் செயின் முடிந்தது. அளந்து பார்ப்பதென்றால், 520, 525, 530 வகைச் செயின்களில் இறுக்கிப் பிடித்து 20 கண்ணியின் நீளம் புதிதில் 317.5 மில்லிமீட்டர், 428 வகையில் 254. பல மாடல்களின் கையேடு 520 வகைகளுக்கு 319 முதல் 323 வரை எல்லை வைக்கிறது. ஸ்பிராக்கெட் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல இருந்தால் செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

பிரேக் டிஸ்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். விளிம்பில் நகத்தை வைத்து உள்நோக்கி இழுத்தால், தேய்ந்த டிஸ்கில் நகம் படி இறங்குவது தெரியும். பிரேக் ஆயில் புதிதில் வெளிறிய மஞ்சள், பழசானால் தேன் நிறம், பிறகு காபி நிறம். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் இயல்பு என்பதால் பெரும்பாலான கையேடுகள் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. மாற்றும் செலவு சின்னதுதான். ஆனால் காபி நிறத்தில் இருந்தால், கண்ணுக்குத் தெரிகிற இதையே கவனிக்காதவர் கண்ணுக்குத் தெரியாத வால்வை எப்படிக் கவனித்திருப்பார் என்று யோசிக்கிறேன்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஆயில் வளையம் இருக்கிறதா? விற்பவர் துடைத்து வைத்திருக்கலாம், அதனால் ஓட்டி முடித்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள். ஆயில் சீல் மட்டும் போயிருந்தால் நடுத்தரச் செலவு. குழாயை நகத்தால் மேலும் கீழும் வருடிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் அங்கே துருப் புள்ளியோ கல்லடியோ இருக்கிறது, அது எத்தனை புது சீல் போட்டாலும் அறுத்துவிடும். அப்போது குழாயையே மாற்ற வேண்டும், எழுதும் தொகையும் பல மடங்கு ஏறும்.

நடு ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல லேசாகப் பிடித்தால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங்) மாற்ற வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கடகட என்றால் அது தளர்ந்திருக்கிறது. அப்படியே பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி வீல் பேரிங்கையும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் பார்த்துவிடலாம்.

மல்டிமீட்டர் ஒன்று பையில் இருந்தால் பேட்டரியைப் பாருங்கள்: நிற்கும்போது 12.6 வோல்ட் அருகில் இருந்தால் நன்று, ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் ஸ்டேட்டர் (மின்சாரம் தயாரிப்பது) அல்லது ரெகுலேட்டர் (அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) கோளாறு, 15ஐத் தாண்டிப் போனால் ரெகுலேட்டர். விற்பவர் "பேட்டரி மட்டும்தான் வீக்" என்று சொல்லும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஓடோமீட்டர் எண்ணை நம்ப வேண்டுமா? டிஜிட்டல் மீட்டரையும் மாற்றுகிறார்கள். எண்ணைத் தனியாகப் பார்க்காமல் தேய்மானத்தோடு வைத்துப் பாருங்கள். 6,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் கியர் லிவர் ரப்பர் மொழுமொழுவென்று, ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வரிகள் காணாமல், டிஸ்கில் ஆழமான படி இருந்தால் எண் பொய். டயர் தேதி வண்டியைவிடப் புதிதாக இருந்தால், இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு எதற்கு டயர் மாற்றினீர்கள் என்று கேட்கலாம். பழைய சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் எழுதியிருக்கும், அதுதான் நல்ல சாட்சி.

இதையும் சொல்ல வேண்டும்: குறைவாக ஓடியது என்பதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள். எட்டு வருடத்தில் 4,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி பெரும்பகுதி நேரம் நின்றிருக்கிறது. பெட்ரோல் கெட்டுப் பிசினாகியிருக்கும், சீல்கள் காய்ந்திருக்கும், பிரேக் காலிபர் பிடித்திருக்கும். ஐந்து வருடத்தில் 30,000 ஓடி, பில்லோடு பராமரித்த வண்டியை நான் அதற்கு முன்னால் எடுப்பேன்.

படி 7: இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள்

சாவியைப் போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சாவி போட்டதும் எரிய வேண்டும், இன்ஜின் விளக்கு ஸ்டார்ட் ஆனதும் அணையும், ஏபிஎஸ் விளக்கு பெரும்பாலும் வண்டி நகர்ந்ததும் அணையும். எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் மாடுலேட்டரை மாற்றும் செலவு சில பழைய வண்டிகளின் விலையையே தின்றுவிடும்.

புகையைப் பார்க்க ஒருவர் பின்னால் நிற்கட்டும். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளை ஆவி கொஞ்ச நேரத்தில் நின்றால் கவலையில்லை. நிற்காமல் இனிப்பு வாசத்தோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டர் அடைப்பு போலச் சின்னக் காரணமாகவும் இருக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: ஸ்டார்ட் ஆனவுடன் ஒரு குபுக் மட்டும் வந்து நின்றால் வால்வு சீல், ஆக்ஸிலேட்டர் முறுக்க முறுக்க வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம், பின்னது இன்ஜினைப் பிரிக்கும் வேலை.

சத்தத்தில் பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரிந்தால் போதும். இன்ஜினின் மேலிருந்து வரும் லேசான டிக் டிக் வால்வு செட்டிங், மலிவு. பக்கத்திலிருந்து சரசரவென்று வந்தால் டைமிங் செயின் அல்லது டென்ஷனர், நடுத்தரம். கிளட்ச் லிவரைப் பிடித்ததும் நின்றுவிடும் கலகலப்பு பெரும்பாலும் ஒன்றுமில்லை. அடியிலிருந்து, இழுவை கொடுக்கும்போது கட் கட் என்று கனமாக வந்தால் கனெக்டிங் ராடின் பேரிங். வண்டியை நிறுத்தி, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 8: ஓட்டிப் பாருங்கள்

லைசென்சும் ஹெல்மெட்டும் உங்களுடையது, காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். விற்பவர் தயங்கினால் அதில் நியாயம் உண்டு, திரும்பி வராமல் போனவர்கள் இருக்கிறார்கள். அடையாள அட்டையையோ வந்த வண்டியின் சாவியையோ கொடுத்துவிட்டுப் போகலாம். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஓட்டாத வண்டிக்கு முழு விலை கிடையாது.

இரண்டாம் கியரில் மெதுவாகப் போய் நன்றாக முறுக்கி, சட்டென்று விடுங்கள், திரும்ப முறுக்குங்கள். கியர் தானாக வெளியே துள்ளினால் கியர் பற்கள் தேய்ந்துவிட்டன, அதை மாற்ற இன்ஜினை முழுக்கப் பிளக்க வேண்டும். மேல் கியரில் நடுத்தர வேகத்தில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆளில்லாத இடத்தில் முன் பிரேக்கை மெல்லப் பிடித்து நிறுத்துங்கள், லிவர் கையில் துடித்தால் டிஸ்க் கோணல். நேர்சாலையில் ஹேண்டிலை இறுக்காமல் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பதினைந்து நிமிடமாவது ஓட்டுங்கள். திரும்பி வந்து அணைத்து, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் உடனே கிளம்பி, சூட்டில் தகராறு செய்யும் வண்டிகள் நிறைய உண்டு. அடியில் ஒரு காகிதத்தைப் போட்டு வைத்தால் கசிவும் தெரியும்.

படி 9: கணக்கு

நாட்டுக்கு நாடு பணம் வேறு என்பதால் எண்ணை 100 என்று வைத்துக்கொள்வோம். படி 1இல் கண்டுபிடித்த அடிப்படை விலை 100. நீங்கள் பார்த்த வண்டிக்கு 92 கேட்கிறார்கள், பார்க்க லாபமாகத் தெரிகிறது. உங்கள் தாளில் இப்படி இருக்கிறது: டயர் இரண்டும் 8, செயின் செட் 5, பிரேக் பேடும் ஆயிலும் 3, ஃபோர்க் சீல் 3, பேட்டரி 3, தள்ளிப்போட்ட பெரிய சர்வீஸ் 4. மொத்தம் 26. ஆக அந்த வண்டி உங்களுக்கு 118 ஆகிறது. பக்கத்து ஊரில் அதே மாடலை ஒருவர் 104 கேட்கிறார், விலை அதிகம் என்று தள்ளி வைத்திருப்பீர்கள். ஆனால் டயர் போன மாதம் மாற்றியது, பில் எல்லாம் கையில், உடனடிச் செலவு ஒன்றுமில்லை. மலிவான வண்டி இந்த இரண்டில் 104தான்.

ஒரு நியாயத்தையும் விட்டுவிடக் கூடாது. அடிப்படை விலை என்பது புத்தம் புதிய பாகங்கள் உள்ள வண்டிக்கானது அல்ல, பாதி தேய்ந்த டயர் அதில் அடக்கம். இப்போதே மாற்றியாக வேண்டியதை மட்டும் பட்டியலில் எழுதுங்கள், இன்னும் ஒரு வருடம் தாங்குவதை எழுதினால் விற்பவருக்கு அநியாயம். அதற்குப் பதிலாகக் கண்ணுக்குப் படாமல் போனவற்றுக்காக ஒரு 5 முதல் 10 வரை ஒதுக்குங்கள். பில் எதுவும் இல்லாத வண்டிக்கு 10, எல்லாம் ஒழுங்காக இருந்தால் 5. இந்த 92 வண்டிக்கு நான் கொடுக்கக்கூடியது 100லிருந்து 26, அதிலிருந்து இன்னும் 7 கழித்து, 67.

விலை குறைந்த, வயதான வண்டிகளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். வண்டியின் மதிப்பு வருடா வருடம் இறங்கும், ஆனால் டயரின் விலையோ செயினின் விலையோ இறங்காது. மதிப்பு 30க்கு வந்துவிட்ட வண்டிக்கும் அதே 26 செலவுதான். அதனால் பழைய வண்டியில் தேயும் பாகங்கள் புதிதாக இருப்பது விலையில் பெரும்பகுதி, வருடமும் கிலோமீட்டரும் அதற்குப் பிறகுதான்.

மாற்றியமைத்த பாகங்களுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். சத்தம் போடும் சைலன்சர், ஸ்டிக்கர், நீல விளக்கு எல்லாம் விற்பவர் தன் ஆசைக்குச் செய்த செலவு. ஒரிஜினல் பாகங்களைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் விலையைக் குறைக்கத் தேவையில்லை. அவை இல்லை என்றால் திரும்ப வாங்கும் செலவையும் பட்டியலில் சேருங்கள்.

படி 10: பேச்சும் கைமாற்றமும்

வண்டியைக் குறை சொல்லாதீர்கள். அவர் வருடக்கணக்கில் ஓட்டிய வண்டி அது, "டப்பா வண்டி" என்ற தோரணையில் பேசினால் நியாயமான விலைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். தாளைக் காட்டி, "அண்ணே, வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா எடுத்தவுடனே இவ்வளவு செலவு இருக்கு, அதனால என்னால இவ்வளவுதான் முடியும்" என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடனே வாங்கத் தயாராகப் போயிருப்பது இங்கே உதவும். அவர் கொஞ்சம் ஏறச் சொன்னால் ஏறலாம், ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மேல் எல்லையை எழுதி வைத்திருந்தால் அதைத் தாண்டக் கூடாது. "இன்னொருத்தர் சாயங்காலம் வரார்" என்றால் வரட்டும், நீங்கள் சொன்ன விலையையும் போன் நம்பரையும் விட்டுவிட்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்து அழைப்பு வருவது உண்டு.

பேசி முடிந்தால் பணமும் கையெழுத்தும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கட்டும். சேஸிஸ் எண், தொகை, தேதி, நேரம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்று வேண்டும், ஏனென்றால் அந்த நிமிடத்துக்கு முன்னால் நடந்ததற்கு அவர் பொறுப்பு, பின்னால் நடப்பதற்கு நீங்கள். இரண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத கருவி) உள்ள வண்டியில், குறிப்பாகத் தனி மாஸ்டர் சாவியோடு வந்த பழைய மாடல்களில், அந்தச் சாவி இல்லாவிட்டால் பின்னால் புதுச் சாவி போடுவது பெரும் செலவு. கிடைக்கவில்லை என்றால் அதையும் விலையில் கழித்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு வண்டியை நகர்த்துங்கள், பெயர் மாற்ற விண்ணப்பத்தை அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். விற்பவர் எப்போது மாற்றினேன் என்று சொல்லியிருந்தாலும் இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் மூன்றையும் முதல் வாரத்திலேயே மாற்றுங்கள். வடித்த ஆயிலில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க அதுதான் நேரம்.